‘ஷேர்ட் ஸ்கை’ கண்காட்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு கண்டங்களின் பழங்குடிக் கலைஞர்கள், ஒரு மாபெரும் தொலைநோக்கித் திட்டம், ஒரே வானம். ‘ஷேர்ட் ஸ்கை’ கண்காட்சியைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

ஷேர்ட் ஸ்கைன்னா என்ன கண்காட்சி? சுருக்கமா சொல்லுங்க.

மேற்கு ஆஸ்திரேலியாவின் யமாஜி ஓவியர்களும், தென்னாப்பிரிக்காவில் சான் மக்களின் வழிவந்த கலைஞர்களும், தங்கள் முன்னோர் வானத்தைப் பற்றிச் சொல்லிவந்ததை ஓவியமாகவும் துணிவேலையாகவும் செய்தார்கள். அவற்றை ஒரே கூடத்தில் அடுத்தடுத்து வைத்ததுதான் இந்தக் கண்காட்சி. ‘பகிர்ந்துகொண்ட வானம்’ என்று பெயருக்குப் பொருள்.

2014-இல் பெர்த் நகரில், கர்டின் பல்கலைக்கழகத்தின் ஜான் கர்டின் கலைக்கூடத்தில் முதலில் திறந்தார்கள். 2015-இல் கேப் டவுன் போனது. பிறகு ஐரோப்பாவிலும் காட்டப்பட்டது. புதிய படைப்புகளோடு ‘காஸ்மிக் எக்கோஸ்’ என்ற பெயரில் அதன் தொடர்ச்சியும் வந்திருக்கிறது.

டெலஸ்கோப் கட்டறவங்களுக்கு ஓவியக் கண்காட்சி எதுக்கு?

அந்தத் தொலைநோக்கியின் பெயர் எஸ்கேஏ. ‘ஸ்கொயர் கிலோமீட்டர் அரே’ என்பதன் சுருக்கம். கண்ணுக்குத் தெரியும் ஒளியை இது பிடிப்பதில்லை. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கிறது. தலைமையகம் இங்கிலாந்தில் ஜோட்ரல் பேங்க் வளாகத்தில். ஆனால் ஆன்டெனாக்கள் நிற்பது இரண்டே இடத்தில்: மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பகுதியிலும், தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலத்திலும்.

இரண்டும் யாருமில்லாத பொட்டல் நிலம் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் மர்ச்சிசன் தளம் வஜாரி யமாஜி மக்களின் மண். கரூ ஸாம் என்னும் சான் இனத்தாரின் வேட்டைநிலம். அங்கே நின்று வானத்தைப் பார்ப்பது தொலைநோக்கியோடு தொடங்கிய காரியம் இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக அதே இடத்தில் அதே வானத்தைப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று கேட்காமல் ஆன்டெனா நடுவது முறையாகாது. கண்காட்சியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

உலகத்துல எவ்வளவோ பாலைவனம் இருக்கே, இந்த ரெண்டு நாடு மட்டும் ஏன்?

ரேடியோ வானியலுக்கு முதல் எதிரி மனிதன் எழுப்பும் ரேடியோ இரைச்சல். செல்போன், வைஃபை, வண்டி எஞ்சினின் மின்பொறி எல்லாமே விண்ணிலிருந்து வரும் நலிந்த சமிக்ஞையை அமுக்கிவிடும். மர்ச்சிசன் ஷயரில், அதாவது அந்த உள்ளாட்சி வட்டாரத்தில், ஒரு நகரம்கூடக் கிடையாது. ஒரு சிறிய நாட்டின் பரப்பு. மக்கள்தொகை நூறு பேர் அளவில்தான். கரூவிலும் ஊர்களுக்கு நடுவே நெடுந்தொலைவு. தென்னாப்பிரிக்கா 2007-இல் தனிச் சட்டமே போட்டு அந்தப் பகுதியின் ரேடியோ அமைதியைக் காக்கிறது.

இரண்டு நாடுகளும் தனித்தனியாகப் போட்டியிட்டன. 2012 மே மாதம், இரண்டிலுமே கட்டுவது என்று முடிவானது. குறைந்த அதிர்வெண்ணுக்கான பகுதி ஆஸ்திரேலியாவில்: இரண்டு மீட்டர் உயரத்தில் கம்பியாலான கிறிஸ்துமஸ் மரம் போல நிற்கும் ஆன்டெனாக்கள், மொத்தம் 1,31,072. நடு அதிர்வெண்ணுக்கான பகுதி தென்னாப்பிரிக்காவில்: 197 தட்டு ஆன்டெனாக்கள். அவற்றில் 64 ஏற்கெனவே 2018 முதல் ‘மீர்காட்’ என்ற பெயரில் இயங்குபவை. எஸ்கேஏ கட்டுமானத் தொடக்க விழா 2022 டிசம்பரில் இரண்டு நாடுகளிலும் ஒரே நாளில் நடந்தது.

கண்காட்சியைப் பொறுத்தவரை இன்னொரு பொருத்தமும் உண்டு. இரண்டு தளங்களும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 27 முதல் 31 பாகைக்குள் இருக்கின்றன. பூமி சுழலும்போது ஆஸ்திரேலியாவின் உச்சியில் தெரிந்த அதே நட்சத்திரங்கள் சில மணி நேரம் கழித்துக் கரூவின் உச்சிக்கு வரும். இடையில் இந்தியப் பெருங்கடல். ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு மக்கள், ஒரே வானத்தை முறை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கண்காட்சியில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

2014-ல திடீர்னு தோணின யோசனையா இது?

இல்லை. கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பி 400 ஆண்டுகள் ஆனதையொட்டி, 2009 சர்வதேச வானியல் ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. அப்போது கர்டின் பல்கலைக்கழக வானியலாளர்களும் யமாஜி ஓவியர்களும் மர்ச்சிசன் நிலத்துக்குச் சேர்ந்து போனார்கள். இரவில் திறந்தவெளியில் உட்கார்ந்து, வானியலாளர்கள் விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) சொல்ல, ஓவியர்கள் தங்கள் கதைகளைச் சொல்ல, பேச்சு வளர்ந்தது. அந்தப் பயணத்திலிருந்து வந்த ஓவியங்கள் ‘இல்கரிஜிரி’ என்ற கண்காட்சியாயின. வஜாரி மொழியில் ‘வானத்துக்கு உரியவை’ என்று பொருள்.

ஷேர்ட் ஸ்கை அதன் விரிவாக்கம். 2012-இல் தளம் இரண்டு நாடுகளுக்கும் பிரிந்ததும், தென்னாப்பிரிக்கக் கலைஞர்களையும் சேர்க்கும் எண்ணம் இயல்பாகவே வந்தது.

ஓவியம் வரைஞ்சது யாரு? விஞ்ஞானிங்க சொல்லச் சொல்ல வரைஞ்சாங்களா?

ஆஸ்திரேலியப் பக்கம், ஜெரால்டன் ஊரிலுள்ள ‘யமாஜி ஆர்ட்’ என்னும் கலை மையத்தின் ஓவியர்கள். தென்னாப்பிரிக்கப் பக்கம், கரூவின் நியூ பெதஸ்டா என்ற சிற்றூரில் இருக்கும் பெதஸ்டா கலை மையத்தின் கலைஞர்கள். நியூ பெதஸ்டா தொலைநோக்கித் தளத்துக்குப் பக்கத்து ஊர் அல்ல. சில நூறு கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு கேப் மாகாணத்தில் இருக்கிறது. நிலம் மட்டும் அதே கரூ.

யமாஜி ஓவியர்கள் பெரும்பாலும் கேன்வாஸில் அக்ரிலிக் வண்ணத்தால் வரைகிறார்கள். பெதஸ்டா கலைஞர்களின் பெரிய படைப்புகள் துணியாலானவை. உருவங்களைத் துணியில் வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்து, விளிம்பைச் சுற்றித் தைத்துக்கொண்டே போவார்கள். சூரியன், மான், மனிதர், மழை என்று ஒவ்வொன்றும் தனித்தனித் துணித்துண்டு. பல கைகள் சேர்ந்து, சுவரை நிறைக்கும் அளவுக்கு வளரும். புகைப்படத்தில் பார்ப்பவர்கள் அதை ஓவியம் என்றே நினைத்துவிடுகிறார்கள். நேரில் கிட்டே போனால்தான் தையல் தெரியும்.

விஞ்ஞானிகள் சொல்லி வரைந்தது என்ற எண்ணம் தவறு. என்ன கதை, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தவர்கள் கலைஞர்கள்தான்.

ஸாம் மொழியே அழிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. அப்புறம் கதை எப்படிக் கிடைச்சது?

மொழி அழிந்துவிட்டது உண்மைதான். வெள்ளைக் குடியேறிகள் நிலத்தைப் பிடித்தபோது ஸாம் மக்கள் வேட்டையாடிக் கொல்லப்பட்டார்கள், பண்ணைக் கூலிகளாக்கப்பட்டார்கள், பிள்ளைகள் வேறு மொழிக்கு மாறினார்கள். (ஸாம் என்று எழுதினாலும், பெயரின் தொடக்கத்தில் ஒரு நாக்குச் சொடுக்கு ஒலி உண்டு. அதைத் தமிழில் எழுத வழியில்லை.)

1870-களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியியலாளரும், அவர் மனைவியின் சகோதரி லூசி லாயிடும் ஸாம் பேசுபவர்களிடமிருந்து கதைகளை எழுதியெடுத்தார்கள். சொன்னவர்களில் பலர் சிறைக்கைதிகளாகக் கேப் டவுனுக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களில் முதன்மையானவர் காப்போ. தண்டனை முடிந்த பிறகும், ஊருக்குப் போகும் ஏக்கத்தை அடக்கிக்கொண்டு, தன் மக்களின் கதைகள் புத்தகத்தில் இருக்கட்டும் என்று பிளீக் வீட்டில் தங்கிச் சொன்னார். 1875-இல் பிளீக் இறந்த பின் லாயிட் தொடர்ந்தார். 12,000 பக்கங்களுக்கு மேல் சேர்ந்தது. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி 1911-இல் அச்சாயிற்று. அந்தக் குறிப்பேடுகள் இன்று யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பட்டியலில் இருக்கின்றன. 2000-இல் தென்னாப்பிரிக்கா தன் தேசிய முழக்கத்தை ஸாம் மொழியிலேயே வைத்துக்கொண்டது.

பெதஸ்டா கலைஞர்களில் பலருக்கு வீட்டில் வந்த பேச்சுமொழி ஆப்பிரிக்கான்ஸ். அந்தக் குறிப்பேடுகள் வழியாக அவர்கள் தங்கள் முன்னோரின் கதைகளுக்குத் திரும்பிப் போகிறார்கள். ‘அப்படியானால் அது உண்மையான மரபா?’ என்று சிலர் இழுப்பார்கள். பறிக்கப்பட்டதை மீட்டெடுக்கிறவர்களிடம் கேட்கக்கூடிய கேள்வியாக எனக்கு அது படவில்லை.

பால்வீதி எப்படி வந்ததுன்னு அவங்க சொல்ற கதை என்ன?

ஆதிகாலத்து ஒரு பெண். வயதுக்கு வந்தவளைத் தனிக் குடிசையில் வைத்திருந்தார்கள். அவள் எழுந்து, விறகுச் சாம்பலில் கைகளை விட்டு அள்ளி, வானத்தில் வீசினாள். ‘இங்கே இருக்கும் சாம்பல் பால்வீதியாகட்டும்’ என்றாள். அது வெண்மையாக வானத்தின் குறுக்கே படுத்துக்கொண்டது. இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு அதன் வெளிச்சம் வழிகாட்டிற்று. தின்பதற்குத் தாய் கொடுத்த கிழங்கு போதவில்லை என்ற கோபத்தில் அதையும் எறிந்தாள், அது நட்சத்திரங்களாயிற்று. முற்றிய கிழங்கு சிவப்பு நட்சத்திரம், இளங்கிழங்கு வெள்ளை நட்சத்திரம்.

சூரியன் கதையும் சொல்ல வேண்டும். முதலில் சூரியன் ஒரு மனிதன். அவன் அக்குளில்தான் வெளிச்சம். கையைத் தூக்கிப் படுத்தால் அவன் வீட்டைச் சுற்றி மட்டும் பகல். ஒரு கிழவி பிள்ளைகளிடம், அவன் தூங்கும்போது மெல்லப் போய்த் தூக்கி வானத்தில் எறிந்துவிடுங்கள் என்கிறாள். சேர்த்து வைத்த உணவு காய வேண்டும், எல்லாருக்கும் வெளிச்சம் வேண்டும் என்பது அவள் காரணம். பிள்ளைகள் எறிகிறார்கள். பெதஸ்டா கலைஞர்கள் சூரியனின் பிறப்பாகத் தைத்துக் காட்டியது இந்தக் கதையைத்தான்.

வானத்துல எமு இருக்குன்னு சொல்றீங்க. எவ்வளவு தேடியும் அந்த நட்சத்திரக் கூட்டத்தைக் கண்டுபிடிக்க முடியலையே?

நட்சத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. எமு, நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் இருட்டு. நகர வெளிச்சம் இல்லாத தெற்கு வானத்தில் பால்வீதி அவ்வளவு அடர்த்தியாக ஒளிர்வதால், அதன் நடுவே ஓடும் கரிய திட்டுகள் வெட்டியெடுத்த உருவம்போல நிற்கும். அந்தக் கறுப்பைத்தான் ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலர் எமுவாகக் காண்கிறார்கள்.

சிலுவை வடிவில் நிற்கும் தென்சிலுவை என்ற நட்சத்திரக் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள். அதை ஒட்டியே ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். வானியலில் கோல்சாக் என்று பெயர். அது எமுவின் தலை. அங்கிருந்து ஆல்பா, பீட்டா சென்டாரி என்ற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கமாக ஒரு கரிய கோடு இறங்கும், அது கழுத்து. விருச்சிகத்தை நெருங்கும்போது கோடு அகன்று பெருக்கிறது, அது உடல். அதற்கும் அப்பால் பிரிந்து போகும் இழைகள் கால்கள். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரமாவது ஆகும். நடுவில் போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இது வெறும் உருவம் பார்க்கும் விளையாட்டு இல்லை. எமு வானத்தில் எந்தக் கோலத்தில் இருக்கிறது என்பதை வைத்து, தரையில் எமு முட்டை எடுக்கும் பருவத்தை யமாஜி மக்கள் அறிந்துகொள்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸின் கமிலராய் மக்களிடமும் இதற்கு இணையான கணக்கு உண்டு. ஏப்ரல், மே முன்னிரவுகளில் எமு கால் நீட்டி ஓடுகிறது. அது இணைசேரும் காலம். ஜூன், ஜூலையில் கால்கள் மறைந்து, முட்டையின் மேல் உட்கார்ந்த ஆண் எமுவாகத் தெரிகிறது. எமுவில் அடைகாப்பது ஆண் பறவைதான். ஏறத்தாழ எட்டு வாரம் கூட்டைவிட்டு எழுவதே அபூர்வம்.

இருட்டுன்னா அங்க ஒண்ணுமே இல்லைன்னுதானே அர்த்தம்?

அங்கேதான் நிறைய இருக்கிறது. அந்தக் கறுப்பு, விண்மீன்களுக்கு இடையிலுள்ள தூசும் குளிர்ந்த வாயுவும். தூசுத் துகள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் சிறியது. ஆனால் பல ஒளியாண்டு ஆழத்துக்கு அடுக்கடுக்காக இருப்பதால், பின்னாலிருக்கும் நட்சத்திரங்களின் ஒளியை மறைத்துவிடுகிறது. கோல்சாக் நம்மிடமிருந்து ஏறக்குறைய 600 ஒளியாண்டு தொலைவில். இப்படிப்பட்ட மேகங்களில்தான் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

இந்த இடத்தில் ஓவியமும் தொலைநோக்கியும் ஒன்றையொன்று தொடுகின்றன. எமுவின் உடல் இருக்கும் திசையில்தான் நம் பால்வீதியின் மையம், சுமார் 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதை எந்த ஒளித் தொலைநோக்கியாலும் பார்க்க முடியாது. எமு மறைத்து நிற்கிறது. ரேடியோ அலைகளின் நீளம் சென்டிமீட்டர் முதல் மீட்டர் வரை. தூசுத் துகளுக்கும் அதற்கும் ஒப்பீடே இல்லை என்பதால் அலை தடையின்றிக் கடந்து வந்துவிடுகிறது. கரூவின் மீர்காட் தட்டுகள் 200 மணி நேரம் நோக்கியதைத் தொகுத்து 2022-இல் பால்வீதி மையத்தின் படம் வெளியானது. நட்சத்திர வெடிப்புகளின் குமிழிகள், மையத்தைச் சுற்றி மெல்லிய மயிரிழைபோல நூற்றுக்கணக்கான காந்தப்புல இழைகள் எல்லாம் அதில் தெரிகின்றன. எமுவின் வயிற்றுக்குள் பார்த்த படம் என்றே நான் அதைச் சொல்வேன்.

அந்தப் புள்ளி எல்லாம் நட்சத்திரங்களா?

சில ஓவியங்களில் ஆம், பலவற்றில் இல்லை. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியம் என்றாலே புள்ளிதான் என்ற எண்ணம் 1971-இல் நடுப் பாலையின் பப்புன்யாவில் தொடங்கிய ஓவிய இயக்கத்தின் புகழால் வந்தது. புள்ளி நிலமாக, புல்லாக, தடமாக, சில சமயம் வெளியாருக்குக் காட்டக்கூடாததை மூடும் திரையாகவும் இருக்கும். யமாஜி ஓவியர்களில் புள்ளியே வைக்காதவர்களும் உண்டு. ஓவியத்தின் பக்கத்தில் ஓவியர் சொன்ன குறிப்பு இருந்தால் அதை முதலில் படியுங்கள். நாமாக அர்த்தம் கற்பிக்க வேண்டாம்.

ஏழு சகோதரிகள் கதை நம்ம கார்த்திகைப் பெண்கள் மாதிரியே இருக்கே. இங்கேருந்து அங்க போனதா?

யமாஜி ஓவியங்களில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் கதை. கார்த்திகைக் கூட்டம் ஏழு பெண்கள். அவர்களை ஒருவன் துரத்துகிறான். பல மக்களின் கதையில் அவன் ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டம். கிரேக்கர்களிடமும் ஏழு சகோதரிகள், துரத்தும் ஓரியன். வெறுங்கண்ணால் எண்ணினால் பெரும்பாலோருக்கு ஆறுதான் தெரியும். ‘ஏழாவது எங்கே போனாள்?’ என்பதற்கும் இரண்டு இடத்திலும் கதை இருக்கிறது. நம்மிடம் ஆறு பேராகவே இருக்கிறார்கள்.

இங்கிருந்து அங்கே போனதற்கோ அங்கிருந்து இங்கே வந்ததற்கோ சான்று எதுவும் இல்லை. வானியலாளர் ரே நோரிஸும் அவர் மகன் பார்னபி நோரிஸும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிளியோனி, அட்லஸ் என்ற இரண்டு நட்சத்திரங்கள் இன்று கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அளவுக்கு நெருங்கியிருக்கின்றன. ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன் சற்று விலகி இருந்ததால் அப்போது ஏழு தெரிந்திருக்கும். ஆகவே மனிதர்கள் ஆப்பிரிக்காவைவிட்டுப் புறப்படும் முன்பே கதை பிறந்திருக்கலாம் என்கிறார்கள். அழகான கருதுகோள். ஆனால் கருதுகோள்தான். ஒரே கூட்டத்தைப் பார்த்து வெவ்வேறு மக்கள் தனித்தனியே ஒரே மாதிரிக் கதை சொல்லியிருக்கவும் இடமுண்டு. மேடையில் இதை நிரூபிக்கப்பட்ட உண்மையாகச் சொல்லாதீர்கள்.

சரி, இதெல்லாம் அறிவியலா நம்பிக்கையா? நேரடியா சொல்லுங்க.

இரண்டும் கலந்தே இருக்கும். மேலே சொன்ன எமு கணக்கு உற்றுநோக்கல்: ஆண்டுதோறும் சரிபார்த்து, உணவு தேடப் பயன்பட்டது. சாம்பலை எறிந்த பெண் கதை வேறு வகை. அதை வானியற்பியல் விளக்கமாகப் படித்தால் கதைக்கும் நியாயமாகாது, வானியற்பியலுக்கும் நியாயமாகாது. ‘முற்றிய கிழங்கு சிவப்பு நட்சத்திரம், முதிய நட்சத்திரங்களும் சிவப்புதானே, அப்பவே தெரிஞ்சிருக்கு பாருங்க’ என்று ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். சிவப்பு, வெள்ளை என்ற நிற வேறுபாட்டைக் கண்டது கூர்மையான பார்வை. அதற்குமேல் நாம் ஏற்றிச் சொல்வது நம்முடைய ஆசை.

உற்றுநோக்கல் எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு நல்ல சான்று, யமாஜி அல்லாத வேறொரு மக்களிடமிருந்து. ஈட்டா கரீனே என்ற நட்சத்திரம் 1840-களில் திடீரென வெடித்துப் பொங்கி, வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான நட்சத்திரமாகி, பிறகு மங்கிப்போனது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பூரோங் மக்கள் அதைத் தங்கள் வானத்துப் பாத்திரங்களில் ஒருத்தியாகச் சேர்த்துக்கொண்டார்கள். வில்லியம் ஸ்டான்பிரிட்ஜ் என்பவர் அவர்களிடம் கேட்டு எழுதி, 1850-களில் பதிவு செய்தார். மரபு என்றால் உறைந்து நிற்பது என்ற நினைப்புக்கு இது நல்ல மறுப்பு.

ரேடியோ டெலஸ்கோப் படத்துலயும் கலர் போடறாங்களே, அதுவும் ஓவியம்தானே?

நல்ல கேள்வி. ரேடியோ அலைக்கு நிறம் கிடையாது. தொலைநோக்கி தருவது எண்கள்: வானத்தின் இந்தப் புள்ளியில் இவ்வளவு வலிமை என்று. பல ஆன்டெனாக்களின் சமிக்ஞைகளைக் கணினி இணைத்து அந்த எண்களைத் தருகிறது. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று தீர்மானிப்பவர் மனிதர். மங்கலான அமைப்பு எடுத்துத் தெரிய வேண்டுமா, மையத்தின் பிரகாசம் தெரிய வேண்டுமா என்பதைப் பொறுத்து நிறத்தேர்வு மாறும். 2025 மார்ச்சில் எஸ்கேஏவின் ஆஸ்திரேலியப் பகுதி தன் முதல் படத்தை வெளியிட்டது. 1,024 ஆன்டெனாக்களை மட்டும் வைத்து எடுத்தது. சுமார் 85 விண்மீன் மண்டலங்கள் சிறு புள்ளிகளாகத் தெரியும்.

ஆனால் வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. நிறம் விருப்பம், எண் விருப்பமில்லை. அதே தரவை இன்னொருவர் எடுத்து வேறு நிறம் பூசினாலும் அந்த 85-உம் அதே இடத்தில் இருக்கும். ஓவியர் தன் ஓவியத்துக்கு இப்படிப்பட்ட பொறுப்பை ஏற்க வேண்டியதில்லை. அவருடைய பொறுப்பு கதையைத் தந்த மூத்தோரிடம்.

நிலத்தை எடுத்துக்கிட்டு, ஓவியக் கண்காட்சி வெச்சா சரியாப்போச்சா?

இதைக் கேட்காதவர்களைவிடக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். கண்காட்சி நிலத்துக்கு ஈடாகாது. ஈடாகும் என்று யாராவது சொன்னால் நம்பக்கூடாது. ஆகவே கண்காட்சிக்கு வெளியே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2017-இல் வஜாரி யமாஜி மக்களின் பூர்விக நில உரிமையை ஆஸ்திரேலிய நீதிமன்றம் உறுதி செய்தது. 2022 நவம்பரில் அவர்களுக்கும் அரசுக்கும் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு அமைப்புக்கும் இடையே எஸ்கேஏவுக்கான நிலப் பயன்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆன்டெனா நடும் இடங்களை முதலில் வஜாரி மக்கள் நடந்து பார்த்து, பண்பாட்டுச் சின்னங்கள் இருக்கும் இடங்களைக் குறிக்கிறார்கள், அங்கே தோண்டுவதில்லை. தளத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இன்யாரிமன்ஹா இல்கரி பண்டாரா’. வானத்தையும் நட்சத்திரங்களையும் பகிர்வது என்று பொருள்.

கரூவில் வேறு விதமான பிணக்கு. தொலைநோக்கிக்காக அரசு பல ஆட்டுப் பண்ணைகளை வாங்கியது. செல்போன் வசதிக்கு வந்த கட்டுப்பாடு, பண்ணைகள் மூடியதால் போன வேலைகள் இவற்றை எதிர்த்து அங்குள்ளவர்கள் குரல் எழுப்பினார்கள். எழுந்த குறைகளில் நியாயம் இருக்கிறது. ஸாம் மக்கள் அதற்கும் நூறாண்டு முன்பே நிலத்தை இழந்துவிட்டவர்கள் என்பதால், வஜாரி மக்களைப்போல ஒப்பந்த மேசையில் உட்கார அவர்களுக்கு நில உரிமையே இல்லை. இரண்டு நாட்டுக் கலைஞர்களின் படைப்புகள் ஒரே சுவரில் சமமாகத் தொங்குகின்றன. அந்தச் சமம் சுவருக்கு வெளியே இல்லை. படைப்புகளைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இதுல இந்தியாவுக்குப் பங்கு உண்டா?

கண்காட்சியில் இல்லை. தொலைநோக்கியில் உண்டு. 2024-இல் இந்தியா எஸ்கேஏ அமைப்பின் முழு உறுப்பினரானது. தொலைநோக்கியை இயக்கும் மென்பொருள் பணியில் புனேவின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் முக்கியப் பங்கு வகிக்கிறது.

மர்ச்சிசன் போய் டெலஸ்கோப்பை நேர்ல பார்த்துட்டு வரலாமா?

சுற்றுலாவாகப் போக முடியாது. நீங்கள் கொண்டுபோகும் போனே அங்கே இரைச்சல். காரணம் தளத் தேர்வு பற்றிய பதிலில் இருக்கிறது.

நான் நிலநடுக்கோட்டுக்கு வடக்க இருக்கேன். எனக்கு எமு தெரியுமா?

வடக்கே 25 பாகைக்கு மேல் போய்விட்டால் தென்சிலுவை முழுதாக எழாது. எமுவின் தலை போய்விடும். 10, 12 பாகையில் இருப்பவர்களுக்கு முழு எமுவும் தெரியும். ஆனால் தலை தெற்குத் தொடுவானத்துக்கு மேலே 15 பாகை அளவில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒன்றரை முஷ்டி உயரம். தெற்கே மறைப்போ ஊர் வெளிச்சமோ இருக்கக்கூடாது. மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிவாக்கில் தென்சிலுவை நேர் தெற்கில் உச்சத்தில் இருக்கும். அப்போது தலையும் கழுத்தும் கிடைக்கும். விருச்சிகம் நன்றாக மேலேறும் நள்ளிரவு வரை பொறுத்தால் உடலும் கிடைக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க ஸ்கூல் நிகழ்ச்சிக்கு எமு ஓவியத்தை அப்படியே வரைஞ்சு வெக்கலாமா?

கண்காட்சி ஓவியத்தைப் பார்த்து அப்படியே வரைவது வேண்டாம். பதிப்புரிமை ஓவியருடையது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்தப் பாணியும் கதையும் குறிப்பிட்ட குடும்பங்களுக்கும் இடங்களுக்கும் உரியவை. யமாஜி ஓவியர்களே அடுத்தவர் கதையை அனுமதியில்லாமல் வரைவதில்லை. படம் தேவை என்றால் கலை மையத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

கதையைச் சொல்லலாம். பொதுவெளியில் அவர்களே பகிர்ந்த கதைகள்தான் இவை. யாருடைய கதை என்பதைப் பெயரோடு சொல்லுங்கள்: வஜாரி யமாஜி, கமிலராய், ஸாம். ‘பழங்குடிகள் சொல்வார்கள்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வரைய வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால், இருட்டான இடத்துக்கு அழைத்துப்போய்ப் பால்வீதியின் கறுப்புத் திட்டுகளைக் காட்டி, அவர்களுக்கு என்ன தெரிகிறதோ அதை வரையச் சொல்லுங்கள்.